அலுமினியத் தோலும் இரும்பு எலும்பும்

தெமோதரை என்றதும் எவரது நினைவிலும் முதலில் எழுவது புகையிரதமே. எல்லயிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் வண்டி தெமோதரை நிலையத்தில் தரித்து நின்று, பின்னர் மலையைச் சுற்றி வளைந்து, தான் சற்று முன் நின்ற அதே நிலையத்தின் அடியாற் செல்லும் சுரங்கத்துள் நுழைகின்றது. கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே இவ்வளையத்தை அமைக்கும் எண்ணம் பிறந்தது என்பது அப்பகுதியில் வழங்கும் செவிவழிக் கதை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் அத்தகைய கதை ஒன்று உண்டு. முதலாம் உலகப் போர் உருக்கையெல்லாம் விழுங்கிவிட, பாலத்துக்கென வரவேண்டிய உருக்கு வராமற் போயிற்றாம். கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் கொண்டே உள்ளூர்க் கைவினைஞர் அதனை 1921ஆம் ஆண்டளவில் நிமிர்த்தினராம். கதை எவ்வளவு மெய்யோ, பாலத்தில் உருக்கு இல்லை என்பது மெய்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியாவில் ஏற்பட்ட உருக்குத் தட்டுப்பாடு வேறொரு பொருளை இம்மலைகளுக்கு அனுப்பிவைத்தது. 1948 ஏப்பிரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் றோவர் கம்பனியார் லாண்ட் றோவர் என்னும் புதுவகை வண்டியை உலகின் முன் வைத்தனர். உருக்கு அப்போது பங்கீட்டில் இருந்தது; போர்க்காலத்தில் விமானங்களுக்கெனப் பெருக்கப்பட்ட அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ஆகவே மொறிஸ் வில்க்சும் அவர்தம் உடனுழைப்போரும் வண்டியின் அடிச்சட்டத்தை உருக்கினாலும், அதன் மேலுடலைப் 'பேர்மாபிரைற்' என்ற அலுமினியக் கலப்புலோகத் தகட்டினாலும் அமைத்தனர். அலுமினியத்துடன் சிறிதளவு மகனீசியம் சேர்ந்த அக்கலப்புலோகம் எளிதில் வளையக்கூடியது; துருப்பிடிக்காதது என்றும் புகழ்பெற்றது. தொடக்கத்தில் வெளிவந்த வண்டிகளுக்குப் பூசப்பட்ட பச்சை நிறமும் போர் விமானங்களுக்கெனத் தயாரித்து எஞ்சிய பூச்சே என்பர். தட்டுப்பாட்டுக்குத் தற்காலிகத் தீர்வாக வந்த அலுமினிய உடல், தட்டுப்பாடு நீங்கிய பின்பும் நீடித்தது. 2016 சனவரி 29இல் சொலிகல் தொழிற்சாலையில் அப்பரம்பரையின் இறுதி வண்டி வெளிவரும்வரை தொடர்ந்தது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை தோட்டப் பகுதிகளில் ஆழ வேரூன்றியது. அந்நம்பிக்கையினால் ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு உழைப்பு எவ்வாறு பாழாகவிருந்தது என்பதே இங்கு எடுத்துரைக்கப்படுகின்றது.

தெமோதரையை அண்டிய தோட்டமொன்றில் லயத்து வாசலில் நிற்கும் அந்த லாண்ட் றோவர் 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதனை ஓட்டியவர் இன்று எண்பதைக் கடந்த முதியவர். லொறியில் கிளீனராகச் சேர்ந்து, சாரதியாக உயர்ந்து, பிரித்தானியத் துரையையும், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின் வந்த உள்நாட்டுத் துரைமாரையும், 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்ற பின் வந்தோரையும் அவ்வண்டியிலேயே சுமந்தவர். துரைமாரோடு வேறு பலவற்றையும் அவ்வண்டி சுமந்தது. உரமூட்டை, மருந்துத் தெளிக்கும் பீப்பாய், சம்பளப் பெட்டி, நள்ளிரவிற் பதுளை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட கர்ப்பிணிகள் ஆகிய யாவும் அதன் பின்தட்டில் இடம்பெற்றன. ஆசுபத்திரியை அடையுமுன் பாதி வழியில் வண்டியிலேயே பிறந்த பிள்ளையொன்றும் உண்டு.

பின்னர் அது கழிவுப் பொருளாக விற்கப்பட்டுக் கைமாறியது. 2020 மார்ச்சு மாதத்தில் மோட்டார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நாட்டிலுள்ள பழைய வண்டிகள் யாவற்றுக்கும் விலை ஏறியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் வழி மீளத் திறக்கப்பட்டபோதும் சாதாரண மனிதரின் கைக்கு அவை எட்டவில்லை. இதனிடையே எல்ல நகரில் உல்லாசப் பயணிகள் பெருகினர். பழைய ஜீப் வண்டியில் ஏறி ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை வளையத்தையும் காண அவர்கள் விரும்புவதைக் கண்ட முதியவரின் பேரன், தாத்தா ஓட்டிய வண்டியை எங்கோ தேடிக் கண்டுபிடித்தான். அதனை வாங்கப் பணம் கொடுத்தவர் அவனது தாய். முப்பதாண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்து, பெண்களுக்குரிய ஐம்பதாவது வயதில் அவர் பெற்ற ஊழியர் சேமலாப நிதியே அப்பணம். அது முழுவதும் அந்த வண்டிக்குள் அடங்கியது.

பேரனின் திட்டம் எளிமையானது. பழைய பச்சைப் பூச்சை முற்றாக நீக்கி, உடலை வெற்று அலுமினியமாக்கி, அதனைத் தேய்த்துக் கண்ணாடிபோற் பளபளக்கச் செய்வது. அவ்வாறு மினுங்கும் வண்டியை எல்ல நிலையத்தின் முன் நிறுத்துவது. பூச்சு வாங்கும் செலவும் மிச்சம். வாரமொன்றில் எஞ்சின் மூடி துலங்கிவிட்டது. "தாத்தா, போனட்டப் பாருங்க. வெள்ளிச் சாமான் மாதிரி இல்ல?" என்று அவன் கேட்டபோது முதியவர் அதனைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் அடியில படுத்துப் பாரு" என்றார்.

அவர் அவ்வாறு கூறியதன் காரணத்தை விளங்கிக்கொள்ள அலுமினியத்தின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். இரும்பிலும் விரைவாக ஒட்சிசனுடன் சேரும் உலோகம் அலுமினியம். ஆயினும் சேர்ந்த கணத்திலேயே அதன் மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலமொன்று படிந்துவிடுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்புடைய அப்படலம் உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, உள்ளே காற்றையும் நீரையும் புகவிடாது தடுக்கின்றது. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுப்பது. அலுமினியத்தின் 'துரு'வோ அதற்குக் கவசம். மழையில் நின்ற வெற்று அலுமினியம் சில மாதங்களில் சாம்பல் நிறமாக மங்குவது நோயன்று. அவ்வாறு மங்கிய தகடு பல்லாண்டுகளுக்கு அப்படியே நிற்கும். மங்கலைக் குறையென எண்ணி ஓயாது தேய்ப்பவர் அழகுக்காகத் தேய்க்கின்றனரேயன்றி, உலோகத்தின் ஆயுளுக்காக அன்று.

இக்கவசத்துக்கும் எல்லை உண்டு. அலுமினிய ஒட்சைட்டு ஈரியல்புடையது. வன்மையான அமிலத்திலும் கரையும், வன்மையான காரத்திலும் கரையும். இதனை இரசாயன நூலிற் கற்பதற்கு நெடுங்காலம் முன்பே லயத்துக் குசினியில் வாழும் பெண்கள் அறிந்திருந்தனர். அடுப்புச் சாம்பலால் விளக்கிய அலுமினியச் சட்டி நாளடைவிற் கறுத்துவிடும். புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் வெளுத்துவரும். சாம்பல் காரம், புளி மென்னமிலம். பேரன் வாகனங்களைக் கழுவுவோரின் வழமைப்படி சலவைத்தூளைக் குழைத்து வண்டியெங்கும் பூசி ஊறவிட்டபோது, வாசலில் நின்ற அவனது அம்மாயி, "சட்டிக்கே சோடா ஆகாதுடா, வண்டிக்கு ஆகுமா?" என்று அதட்டினார். அவர் எஞ்சின் மூடியையும் சோற்றுச் சட்டியையும் ஒரே பொருளாக நோக்கினார். உண்மையில் அவை ஒரே பொருளே. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் எரிசோடாக் கரைசல் அலுமினியத் தகட்டிற் பட்டால் நுரை பொங்க அதனைத் தின்றுவிடும். ஈரச் சீமெந்தும் சுண்ணாம்பும் அவ்வாறே. மென்மையான சவர்க்கார நீரே இவ்வுடலுக்கு ஏற்றது.

கவசத்தைத் துளைக்கும் வேறு பகைவர்களும் தோட்டத்தில் உண்டு. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊவா மலைகளில் உப்புக்கு அஞ்சவேண்டியதில்லை என்று ஒருவர் எண்ணக்கூடும். ஆனால் தேயிலைக்கு இடப்படும் உரத்தில் பொட்டாசியம் குளோரைட்டு கலந்திருப்பது வழக்கம். உரமூட்டை கிழிந்து பின்தட்டின் மூலைகளிற் சிந்திய தூள், பனியில் நனைந்து கரைந்து, கடல்நீரின் வேலையையே செய்கின்றது. குளோரைட்டு ஒட்சைட்டுப் படலத்தை ஆங்காங்கே துளைத்துக் குண்டூசி முனையளவு குழிகளைத் தோற்றுவிக்கும். குழி வெளியிற் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழ்ந்து செல்லும். வாயில் வெண்பொடி அடைத்து நிற்கும். கருவாட்டுக் கூடையிலிருந்து வடியும் நீரும் இதே இனத்தது.

இதனினும் கொடியது செம்பு. 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் பரவத் தொடங்கியதன் பின்னர், செம்புச் சேர்வைகளைக் கரைத்துத் தெளிப்பது தோட்டங்களின் ஒழுங்கான வேலையாயிற்று. அக்கரைசல் நிறைந்த பீப்பாய்கள் லாண்ட் றோவரின் பின்தட்டில் மலைக்கு மலை குலுங்கிச் சென்றன. தளம்பிச் சிந்திய கரைசலில் உள்ள செம்பை அலுமினியம் இடம்பெயர்த்துத் தன்மேல் நுண்துகளாகப் படியச் செய்யும். அவ்வாறு படிந்த ஒவ்வொரு துகளும் தன்னைச் சூழ்ந்த அலுமினியத்துக்கு எதிராக ஒரு சிறு மின்கலமாக இயங்கத் தொடங்கும். அந்தப் பின்தட்டின் தளம் அம்மைத் தழும்பு கொண்ட முகம்போல் இருந்ததற்குக் காரணம் இதுவே. தேயிலையைக் காத்த மருந்து, அதனைச் சுமந்த வண்டியை அரித்தது.

இங்கே ஒரு சிறு புதுமையையும் குறிப்பிடலாம். தேயிலைச் செடி தானே அலுமினியத்தை விரும்பி உறிஞ்சும் இனத்தது. அமிலத்தன்மை மிகுந்த மண்ணிற் கரைந்துள்ள அலுமினியம் வேறு பயிர்களுக்கு நஞ்சாகும்போது, தேயிலை அதனை ஏற்று முதிர்ந்த இலைகளிற் சேமித்துக்கொள்கின்றது. அத்தகைய மண்ணே சக்கர மறைப்பின் உட்புறத்தில் அப்பி, மாதக்கணக்காக ஈரத்தைத் தேக்கிக்கொண்டு கிடப்பது. காற்றுப் படாத ஈரமண்ணின் அடியில், சிதைந்த படலம் தன்னைத்தானே திருத்திக்கொள்ள இயலாது.

இனி, முதியவர் படுத்துப் பார்க்கச் சொன்ன இடத்துக்கு வரலாம். இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் பயின்ற எவரும் மின்னிரசாயனத் தொடரை ஒருகாலத்தில் மனனம் செய்திருப்பர். கலைப்பீடத்துக்கு வந்தோர் பரீட்சை மண்டபத்திலேயே அதனை விட்டுவிட்டு வந்துவிடுவதும் உண்டு. அத்தொடரில் அலுமினியம் மேலேயும் இரும்பு கீழேயும் இருப்பதன் பொருள் அந்த வண்டியின் கதவில் எழுதப்பட்டிருந்தது. லாண்ட் றோவரின் கதவு வெளித்தோற்றத்தில் அலுமினியம். உள்ளே அதனைத் தாங்கும் சட்டமோ உருக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மழைநீர் தேங்குமானால் அங்கே ஒரு மின்னிரசாயனக் கலம் பிறக்கின்றது. அலுமினியம் அனோட்டாகிக் கரைகின்றது; இரும்பு கதோட்டாகித் தப்பிக்கின்றது. கரைந்த அலுமினியம் ஐதரொட்சைட்டாக, ஈரச் சுண்ணாம்பு போன்ற வெண்பொருளாகப் பெருத்து, பூச்சைக் கொப்புளமாகத் தள்ளுகின்றது. பேரன் கதவின் அடிவிளிம்பிற் கிளம்பியிருந்த கொப்புளத்தைத் திருப்புளியால் நெம்பியபோது தகடு அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வந்தது.

வண்டியைச் செய்தோர் இதனை அறியாதவர்கள் அல்லர். பின்தட்டின் விளிம்புகளில் ஓடும் உருக்குப் பட்டைகளுக்கு அவர்கள் நாகமுலாம் இட்டிருந்தனர். நடைமுறையில் நாகம் அலுமினியத்தோடு பகைமை கொள்ளாது. ஈரத்தில் தானே கரைந்து மற்றதைக் காக்கும். ஆனால் அரை நூற்றாண்டாக மூட்டைகள் உராய்ந்து நாகம் தேய்ந்துவிட்டால், வெளிப்பட்ட இரும்பு தனக்கடியில் இருக்கும் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். இடையிடையே திருத்தியவர்கள் மேலும் தீங்கு செய்திருந்தனர். கழன்ற தறையாணிகளுக்குப் பதிலாக முலாமிடாத இரும்பு ஆணிகளை முடுக்கியிருந்தனர். ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் ஒரு வெள்ளை வளையம் தோன்றியிருந்தது.

இவையெல்லாம் மேலுடலின் நோய்கள். இவற்றால் எவரும் இறப்பதில்லை. முதியவர் காட்ட விரும்பியது வேறு. வண்டியின் அடிச்சட்டம் உருக்குத் தகடுகளை ஒட்டிச் செய்த நீள்பெட்டி. வெளியிற் பூச்சு உண்டு. பெட்டியின் உட்குழிவில் இல்லை. சேறும் நீரும் துளைகளாற் புகுந்து உள்ளிருந்தே அரித்துவரும். அவர் சிறு சுத்தியலொன்றை எடுத்து, வைத்தியர் நெஞ்சில் தட்டுவதுபோல் சட்டத்தின் வழியே தட்டிக்கொண்டு போனார். நல்ல உருக்கு கணீரென ஒலித்தது. முன் ஸ்பிறிங் பொருந்தும் இடத்தை அடைந்ததும் ஒலி மழுங்கியது. இன்னொரு தட்டில் சுத்தியல் முனை உள்ளே சென்றுவிட்டது. துருவும் காய்ந்த சேறும் கலந்த தூள் அவரது உள்ளங்கையிற் கொட்டியது. சுக்கானின் இடைத்தண்டு செருகியிருக்கும் முன் குறுக்குச் சட்டமும் அவ்வாறே இருந்தது.

மினுங்கும் எஞ்சின் மூடியிலிருந்து அவ்விடம் ஒரு முழத் தூரமும் இல்லை. எல்லயிலிருந்து தெமோதரைக்கு இறங்கும் வளைவொன்றில், ஆறு பேர் அமர்ந்திருக்க, அந்த ஸ்பிறிங் கழன்றிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேரனின் தாய் மட்டும், "இத்தன வருசம் இதுல எத்தன பிள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போனீங்கப்பா" என்று கூறிவிட்டுக் குசினிக்குட் சென்றார். துருப்பிடிக்காத வண்டி என்ற புகழே இதற்குக் காரணம் எனலாம். இரும்புடலுள்ள வண்டியில் உடல் முதலில் ஓட்டை விழுந்து, உரிமையாளனை எச்சரிக்கும். லாண்ட் றோவரின் அலுமினியத் தோல் நலமாகவே காட்சியளிக்கும். அதன் இரும்பு எலும்பு உள்ளேயே சத்தமின்றி உளுத்துப்போகும்.

அதன் பின் வேலையின் ஒழுங்கு தலைகீழாயிற்று. மெருகு பூசும் யந்திரத்துக்கென ஒதுக்கிய பணம் பதுளையில் அடிச்சட்டத்தின் உளுத்த பகுதிகளை வெட்டி நீக்கிப் புதிய தகடு ஒட்டுவதற்குச் சென்றது. சட்டத்தின் உட்குழிவுக்குப் பழைய எஞ்சின் ஒயிலை விசிறுவதே முதியவரின் காலத்து முறை. அது ஓரளவு பயன் தந்ததாயினும், சொட்டிய எண்ணெய் லயத்தின் கீழ் ஓடும் ஓடையிற் கலந்தது. அவ்வோடையில் மக்கள் குளித்தனர், குடித்தனர். இப்போது உருகிய மெழுகுச் சேர்வையை உட்செலுத்துவது எளிது; அதுவே செய்யப்பட்டது.

மேலுடலின் வேலையை இருவரும் வீட்டிலேயே செய்தனர். அதிற் கையாண்ட முறைகள் இத்தகைய பழைய வண்டி வைத்திருப்போர் பலருக்கும் உதவக்கூடியவை. வெண்பொடி படிந்த இடங்களைத் தேய்க்க இரும்புக் கம்பித் தூரிகையோ இரும்பு நாரோ பயன்படுத்தலாகாது. இரும்பின் நுண்துகள் அலுமினியத்திற் பதிந்து, தேய்த்த இடமெங்கும் புதிய கலங்களை விதைத்துவிடும். முன்னர் இரும்பைத் தேய்த்த கடதாசியையும் மீண்டும் இதற்கு எடுத்தல் தவறு. நைலோன் நாரும், அலுமினிய ஒட்சைட்டுத் தூள் ஒட்டிய தேய்ப்புக் கடதாசியுமே தக்கவை. குழிகளின் உள்ளே எஞ்சும் பொடியை ஐதான பொசுபோரிக்கமிலம் கரைக்கும். சில நிமிடங்களில் நிறைய நீர் விட்டுக் கழுவிவிடல் வேண்டும். கடைகளில் விற்கப்படும் அலுமினியத் துலக்கிகள் சிலவற்றில் ஐதரோபுளோரிக்கமிலம் கலந்திருக்கும். அது தோலிற் பட்ட வேளையில் எரிவு தோன்றாமலே உட்சென்று எலும்புவரை தாக்கவல்லது. கையுறையின்றி வேலைசெய்து பழகிய கராஜ்களில் இதனை உரக்கச் சொல்லவேண்டியிருக்கின்றது.

நெளிந்த சக்கர மறைப்பை நிமிர்த்தும் முறை காண்போரை வியக்கச் செய்வது. தகட்டைத் தட்டி நிமிர்த்துமுன் சூடாக்கி மென்மையாக்க வேண்டும். இரும்பாயின் அது செந்நிறமாவதைப் பார்த்துச் சூட்டை அறியலாம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். உருகும்வரை நிறம் மாறாது. எச்சரிக்கையின்றி ஒரு கணத்திற் கண்முன்னே ஒழுகி விழுந்துவிடும். ஆகவே முதியவர் தகட்டின்மேல் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தார். கீழிருந்து சுடரைக் காட்டியபோது சவர்க்காரக் கோடு மஞ்சளாகி, கபிலமாகி, கறுக்கத் தொடங்கியதும், "போதும், எடு" என்றார். தகடு ஈரத்தோல் போல் வளைந்தது. வெள்ளைக்கார மெக்கானிக் ஒருவரிடம் தமது இளமையிற் கண்டு கற்றது அது. அவருக்கு வெப்பமானி தேவைப்படவில்லை.

சுத்தஞ் செய்த அலுமினியத்துக்கு அன்றைய தினமே, இயன்றால் சில மணித்தியாலங்களிலேயே, பற்றுப்பூச்சு இடவேண்டும். இல்லையேல் புதிய ஒட்சைட்டும் தூசும் படிந்து பூச்சு பற்றாது. இதற்கென அமிலஞ் சேர்ந்த தனிவகை முதற்பூச்சு உண்டு. இரும்புக்குரிய சாதாரண முதற்பூச்சை அலுமினியத்திற் பூசினால் வருடமொன்றில் பாம்புச் சட்டைபோல் உரிந்துவிடும். விமானத் தொழிலில் நெடுங்காலம் வழங்கிய குரோமேற்றுச் சேர்வை பொன்னிறப் படலமொன்றைத் தந்து சிறப்பாகக் காக்கும். ஆனால் அதிலுள்ள ஆறுவலுக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. பிள்ளைகள் விளையாடும் லயத்து வாசலுக்கு அது வேண்டாம் என விடப்பட்டது.

அதிக நாள் பிடித்தது இணைப்புகளே. ஒவ்வொரு தகடும் கழற்றப்பட்டது. உருக்குச் சட்டம் துரு நீக்கிப் பூச்சிடப்பட்டது. அதன்மேல் அலுமினியம் அமரும் இடமெங்கும் உலராத அடைப்புப் பசை தடவப்பட்டது. ஆணிகள் யாவும் நாகமுலாமிட்டவையாக மாற்றப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் நைலோன் வளையமொன்று இடப்பட்டது. பழைய டியூப் றப்பரை வெட்டி இடையில் வைக்கப் பேரன் முயன்றான். பசையில்லாத றப்பர் தன்னடியில் நீரைத் தேக்கிவைக்கும் என்று தாத்தா தடுத்துவிட்டார். இரு உலோகமும் தொடாதிருந்தாலும், தொட்டும் நனையாதிருந்தாலும் கலம் இயங்காது. இரண்டையும் உறுதிசெய்துகொள்வதே அறிவுடைமை என்பது அவரது கொள்கை. கதவுகளின் அடியில் நீர் வடியவென விடப்பட்டிருந்த துளைகள் அரை நூற்றாண்டுச் சேற்றால் அடைபட்டிருந்தன. அவற்றைக் கம்பியாற் குத்தித் திறந்தபோது ஒரு கதவிலிருந்து தேயிலை விதை ஒன்றும், இரண்டு சத நாணயம் ஒன்றும் வெளிவந்தன.

உடல் முழுவதற்கும் மீண்டும் பச்சைப் பூச்சு இடப்பட்டது. எஞ்சின் மூடி மட்டும் வெற்று அலுமினியமாகவே விடப்பட்டது. பேரன் பட்ட பாட்டை வீணாக்க முதியவருக்கு மனமில்லை என்பது ஒரு காரணம். அதனடியில் உருக்குடன் உராயும் இடங்கள் குறைவு, காற்றும் வெயிலும் தாராளமாகப் படும் என்பது மற்றொன்று. பளபளப்பை நிலைநிறுத்த வேண்டுமாயின் மூன்று மாதத்துக்கொருமுறை தேய்த்து மெழுகிட வேண்டும். தெளிந்த வார்னிசு பூசிவிடலாம் என்று சிலர் கூறினர்; கீறல் விழுந்த இடத்தில் ஈரம் புகுந்து, வார்னிசின் அடியில் மயிரிழைபோல் அரிப்பு ஊர்ந்து செல்லும் என்பதால் அது கைவிடப்பட்டது. முதலிரு முறை பேரன் சிரத்தையோடு தேய்த்தான். வடகீழ்ப் பருவமழை தொடங்கி, ஐப்பசியும் கார்த்திகையும் ஓயாது பெய்து, பயணிகளின் வரவு மிகுந்த மார்கழி வந்தபோது அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மூடி சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. வாடகைக்கு அமர்த்துவோர் அதனைக் குறையாகக் கொண்டதாகத் தெரியவில்லை. பழைய வண்டிக்கு அதுவே பொருத்தம் என்று சிலர் அதன்மேற் கைவைத்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர்.

இப்போது அவன் தேய்ப்பதில்லை, கழுவுகின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கர மறைப்பின் உட்புறத்திலிருந்து சேற்றை வழித்தெடுத்து, கதவடித் துளைகளிற் கம்பியைச் செருகிப் பார்த்து, சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டி ஒலி கேட்கின்றான். பின்தட்டில் உரமூட்டை ஏற்ற எவர் கேட்டாலும் மறுத்துவிடுகின்றான். பதுளைச் சந்தைக்குச் சென்று திரும்பும் தாயாருக்கும் இவ்விதியில் விலக்கு இல்லை. தமது சேமலாப நிதியால் வாங்கிய வண்டியின் முன்னிருக்கையில், கருவாட்டுக் கூடையைப் பொலித்தீனில் இறுகச் சுற்றி மடியில் ஏந்தியபடி, அவர் தெமோதரைவரை அசையாது அமர்ந்து வருகின்றார்.